கதாநாயகிக்கு டிஸ்லெக்சியா: காதல் கதை எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூரில் கோடைக் காதல் எழுத உட்காருபவர் முதல் வரியிலேயே சறுக்கலாம். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊரில் கோடை என்று தனியாக எது? இங்கே அந்த இடத்தை நிரப்புவது ஜூன் மாதப் பள்ளி விடுமுறை. டுரியான் வாசம், விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து வந்து அறைந்துவிட்டுப் போகும் மழை. காதலர்களைச் சாங்கியில் படகேற்றி உபின் தீவுக்கு அனுப்புங்கள். வேப்பம்பூவையும் நுங்கையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது பெரிய சறுக்கல்: நாயகியின் கண்முன்னே எழுத்துகள் நடனமாடுவது. வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் டிஸ்லெக்சியா கண் கோளாறு அன்று. ஒலியைப் பிரித்து உணர்ந்து எழுத்தோடு பொருத்துவதில்தான் பெரும்பாலும் சிரமம். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போடும் பழைய காட்சியைத் தமிழுக்குக் கடத்தாதீர்கள். நம் எழுத்தையே கவனியுங்கள். ‘கொ’ எழுதும்போது கொம்பு, க, கால் என்று போகிறோம். வாயோ ‘க்’கில் தொடங்குகிறது. கண்ணின் வரிசை ஒன்று, நாக்கின் வரிசை வேறு. பள்ளியில் ஆங்கிலத்தோடு இதையும் சமாளித்த பெண் எத்தனை மாலைகளைத் தொலைத்திருப்பாள் என்று யோசித்தாலே பாத்திரத்துக்கு உயிர் வந்துவிடும். ‘மழை’யை ‘மலை’ என்று எழுதவைத்தால் மட்டும் போதாது. அந்தக் குழப்பம் இங்கே தமிழர் கூடும் தேக்கா வட்டாரத்தில் பாதிப் பேருக்கு உண்டு, எனக்கும் அவசரத்தில் வரும்.

அவளுடைய பிழையை நகைச்சுவையாக்குவது சோம்பேறித்தனம். சிரிப்பு வேறெங்கோ இருக்கிறது. தட்டச்சு செய்யப் பிடிக்காமல் அவள் இரண்டு நிமிடக் குரல்பதிவு அனுப்புகிறாள். நாயகன் இயர்போன் மாட்டாமல் எம்ஆர்டி ரயிலில் அதைத் திறந்துவிடுகிறான். பெட்டி முழுக்க அவள் குரல். எதிர் இருக்கைப் பாட்டி, “தம்பி, பொண்ணு சொல்றது நியாயம்தான்” என்கிறார்.

காதலன் எழுத்துக் கற்பித்து அவளைக் ‘குணப்படுத்தும்’ கடைசி அத்தியாயத்தைக் கிழித்துப் போடுங்கள். முறையான பயிற்சியால் வாசிப்பு மேம்படும். டிஸ்லெக்சியா வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். இங்கே டிஸ்லெக்சியா சங்கம் 1991 முதல் இயங்குகிறது. 25 வயதுப் பெண் சின்ன வயதிலேயே அங்கே வகுப்புக்குப் போயிருக்கலாம். நாயகன் வந்து கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை.

ஈடுகட்டுவதற்காக அவளை ஓவிய மேதையாக்குவதும் வேண்டாம்.

பலர் மறந்துவிடுவது குடும்பத்தை. டிஸ்லெக்சியா பல நேரங்களில் பரம்பரையாக வரும். பெண் கேட்டு வந்தவர்கள் ஜாதகத்தை நீட்டும்போது அப்பா, “கண்ணாடியை எங்கேயோ வெச்சுட்டேன், நீங்களே படிச்சுச் சொல்லுங்க மாப்பிள்ளை” என்பார். கண்ணாடி அவர் சட்டைப்பையிலேயே இருக்கும். மகள் அதைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு காப்பி எடுக்கப் போவாள்.