மஸ்டாங் வாங்கப் போகிறீர்களா? முதலில் சக்கரத்தின் போல்ட்டை எண்ணுங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஆபீஸ் தம்பி ஒருவனிடமிருந்து போன்.

“அண்ணா, 66 மஸ்டாங் ஜிடி ஒண்ணு பாத்தேன். சிவப்பு கலர், செம கண்டிஷன். ஒரிஜினல் ஜிடியாம். இன்னைக்கே அட்வான்ஸ் குடுத்துடவா?”

“போட்டோல சக்கரத்தைப் பெருசாக்கிப் பாரு. எத்தனை போல்ட் இருக்கு?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “நாலு அண்ணா.”

“அப்ப அது ஜிடி இல்ல. அட்வான்ஸை பாக்கெட்லயே வச்சுக்கோ.”

அறுபதுகளின் ஃபோர்டு மஸ்டாங் காரில் ஆறு சிலிண்டர் வண்டிக்குச் சக்கரத்துக்கு நாலு போல்ட், எட்டு சிலிண்டர் வி8 வண்டிக்கு ஐந்து. ஜிடி என்ற ஸ்போர்ட்ஸ் பேக்கேஜை ஃபோர்டு கொடுத்தது வி8-க்கு மட்டும்தான், அதிலும் வலுவான இரண்டு வகைகளுக்கு மட்டும். கிரில்லில் பனிமூட்ட விளக்கு, பக்கவாட்டில் கோடு, ஜிடி என்ற எழுத்து எல்லாமே இன்றைக்குக் கடையில் கிடைக்கும் சாமான்கள். ஒரு வாரக்கடைசியில் மாட்டிவிடலாம்.

நான் கற்றுக்கொண்டதும் இப்படிச் சூடு பட்டுத்தான். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு ‘ஜிடி’க்கு விலை பேசி முடித்து, கடைசி நிமிடத்தில் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். நிஜ ஜிடியில் இரட்டை சைலன்சரைத் தாங்க, பின்பக்க ஃப்ரேமில் ஃபேக்டரியிலேயே வெல்டு செய்த தகடுகள் இருக்கும். அங்கே இருந்தது புதிதாகத் துளை போட்டு முடுக்கிய இரண்டு போல்ட். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்குக்குப் பதில் டிரம். விற்றவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வண்டியின் சாயம்தான் வெளுத்தது. பிறகு வாங்கியதுதான் இப்போது என் கராஜில் நிற்கும் வெள்ளை கூப்பே.

சரி, விஷயத்துக்கு வருவோம். 65, 66 மஸ்டாங்குகளை எப்படிப் படிப்பது?

பானட்டைத் திறங்கள். டிரைவர் பக்கம், ஃபெண்டர் விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அதன் வழியே உள்தகட்டில் அடித்த எண் தெரியும். அதுதான் வண்டியின் ஜாதகம். என் வண்டியில் 6ஆர்07சி, பிறகு ஆறு இலக்க வரிசை எண். 6 என்றால் 1966. ஆர் என்றால் சான் ஹோசே ஃபேக்டரி. எஃப் டியர்பார்ன், டி நியூ ஜெர்சியின் மெட்டச்சன். பெயர்தான் சான் ஹோசேயே தவிர, ஃபேக்டரி இருந்தது பக்கத்து ஊரான கலிபோர்னியாவின் மில்பிடாஸில். 1983-ல் மூடிவிட்டார்கள். பிறகு அந்தக் கட்டடம்தான் கிரேட் மால் என்ற ஷாப்பிங் மால் ஆனது. தீபாவளிக்கு முந்தின வாரம் பார்க்கிங் தேடி நாம் சுற்றிச் சுற்றி வருகிறோமே, அதே இடம்தான். என் வண்டியை ஒருமுறை அங்கே நிறுத்தி, “உன் பிறந்த வீடு” என்று சொன்னேன். மனைவி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து.

அடுத்த இரண்டு இலக்கம் உடல்வாகு: 07 கூப்பே (டிக்கி தனியாகத் தெரியும் கூரை வண்டி), 08 கன்வர்ட்டிபிள் (கூரையைத் திறக்கலாம்), 09 ஃபாஸ்ட்பேக் (கூரை பின்னால் வரை சரிந்து இறங்கும்). கடைசி எழுத்து எஞ்சின். விலையில் பெரும்பங்கு அந்த ஓர் எழுத்தில்தான் இருக்கிறது. டி என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். சி என்றால் 289 வி8, 200 குதிரைசக்தி. ஏ-வும் அதே 289தான், நாலு பேரல் கார்புரேட்டரோடு 225. கே என்றால் 271. கே எழுத்தைப் பார்த்தால் முதலில் சந்தேகப்படுங்கள், பிறகு சந்தோஷப்படலாம். ஜிடிக்கு ஏ அல்லது கே இருந்தே ஆக வேண்டும். ‘ஒரிஜினல் ஜிடி’ என்று சொல்லி, எண்ணில் சி இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து டிரைவர் கதவைத் திறந்தால், ஓரத்தில் ஒரு சின்ன உலோகத் தகடு ரிவெட் அடித்து ஒட்டியிருக்கும். என்னுடையதில் 65ஏ, எம், 16சி, 72, கடைசியில் 6. 65ஏ என்றால் சாதாரண இன்டீரியர் கூப்பே. 65பி இருந்தால் ‘போனி’ இன்டீரியர், அதாவது சீட்டின் முதுகில் குதிரைக்கூட்டம் ஓடும். ஃபாஸ்ட்பேக்குக்கு 63, கன்வர்ட்டிபிளுக்கு 76. எம் என்பது விம்பிள்டன் வெள்ளை. 16சி என்றால் மார்ச் 16, கட்டத் திட்டமிட்ட நாள். 72 என்பது ஆர்டர் போட்ட விற்பனை மாவட்டம்: சான் ஹோசே, 71 என்றால் லாஸ் ஏஞ்சலஸ். கியருக்கு 1 என்றால் மூன்று கியர் மேனுவல், 5 என்றால் நாலு கியர், 6 என்றால் ஆட்டோமேட்டிக். ஆக்சில் குறியீடு எண்ணாக இருந்தால் சாதாரணம், எழுத்தாக இருந்தால் லிமிடட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் வகை.

ஆனால் இந்தத் தகட்டை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். எந்தக் குறியீடு வேண்டுமோ அதை அடித்துப் புதுத் தகடு செய்து கொடுக்க ஆள் இருக்கிறது. தகடு சொல்வதும், ஃபெண்டர் எண் சொல்வதும், வண்டியில் கண்ணால் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. தகட்டில் எம், ஆனால் வண்டி சிவப்பா? கதவு ரப்பரை லேசாக விலக்கி, டிக்கி மேட்டைத் தூக்கிப் பாருங்கள், பழைய வெள்ளை எங்காவது எட்டிப்பார்க்கும். கலர் மாற்றியது குற்றமில்லை, விலையில் மட்டும் அது தெரிய வேண்டும்.

“எஞ்சின் நம்பர் மேட்சிங்” என்று விளம்பரத்தில் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். 66-ல் கே வகை எஞ்சினில்தான் வண்டி எண்ணை அடித்தார்கள். சி, ஏ எஞ்சின்களில் கிடையாது. அவற்றில் பார்க்கக்கூடியது வார்ப்புத் தேதி மட்டுமே. என் எஞ்சின் பிளாக்கில் 6பி9: 1966 பிப்ரவரி 9. வண்டி மார்ச் 16. ஐந்து வார இடைவெளி, பொருந்துகிறது. வண்டித் தேதிக்குப் பிந்தைய எஞ்சின் என்றால் நடுவில் எப்போதோ மாற்றியது.

எதற்கு மதிப்பு என்று கேட்டால், என் வரிசை இது: ஃபாஸ்ட்பேக், கன்வர்ட்டிபிள், கூப்பே. 66-ல் விற்ற ஆறு லட்சத்துச் சொச்சம் வண்டிகளில் கூப்பே கிட்டத்தட்ட ஐந்து லட்சம், ஃபாஸ்ட்பேக் 36 ஆயிரத்துக்கும் குறைவு. அதன் பிறகுதான் எஞ்சின், கியர், போனி இன்டீரியர், டிஸ்க் பிரேக், டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் ஏசி. ஸ்டியரிங் தண்டில் உட்கார்ந்திருக்கும் ராலி-பேக் மீட்டர்கள் பார்க்க அழகு, ஆனால் புதிதாகவே வாங்கலாம் என்பதால் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க மாட்டேன். அபூர்வம் என்பதெல்லாம் அருமை ஆகிவிடாது. முன்னால் ஒரே நீள பெஞ்ச் சீட் வைத்த மஸ்டாங் அபூர்வம்தான். அன்றைக்கே அதை அதிகம் பேர் கேட்கவில்லை, இன்றைக்கு என்னிடம் சும்மா கொடுத்தாலும் யோசிப்பேன். மாறாக, 60-களின் கறுப்பு கலிபோர்னியா நம்பர் பிளேட் மாறாமல் இருந்தால் என் கை தானாகப் பர்சுக்குப் போகும். வண்டி காய்ந்த ஊரிலேயே காலம் தள்ளியிருக்கிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி.

ஏனென்றால் ஆப்ஷன் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் துரு அதைத் தின்றுவிடும். இந்த வண்டிகளின் பெரிய நோய், முன்கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் பள்ளம். வெளியே ஒன்றுமே தெரியாது. உள்ளே தகடு அரித்துப்போய், மழைத் தண்ணீர் கார்பெட்டுக்கு இறங்கும். சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டு, கண்ணாடிக்குக் கீழே உள்ள கிரில்லில் அரை வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். டார்ச் வைத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் போதும். அதைச் சரிசெய்ய ஃபெண்டர்களைக் கழற்றி, வரிசையாக ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்து எடுக்க வேண்டும். குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறிக்கும் இடம் அதுதான். ஊற்றவே கூடாது என்று சொந்தக்காரர் மறுத்தால், அதுவும் ஒரு பதில்தான். கையில் ஒரு சின்னக் காந்தமும் கொண்டுபோங்கள். கதவின் அடிப்பகுதியிலும் பின்சக்கர வளைவிலும் காந்தம் ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே இருப்பது பட்டி.

67 முதல் வந்த வண்டி என்றால் வேலை சுலபம். ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகளை வைத்து, உங்கள் வண்டி என்னென்ன ஆப்ஷனோடு வெளியே வந்தது என்று மார்ட்டி ரிப்போர்ட் வாங்கிக்கொள்ளலாம். 65, 66-க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தகரத்தைத்தான் விசாரிக்க வேண்டும். தானமாக வந்த மாடா இது, பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விட?

நேற்றிரவு தம்பியிடமிருந்து இன்னொரு போட்டோ. ஐந்து போல்ட். 6ஆர்08சி. கன்வர்ட்டிபிள், கறுப்பு பிளேட். “எப்படி அண்ணா?” என்று கேட்டிருந்தான்.

“தண்ணி ஊத்துனியா?” என்று அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.