முதலையைப் பிடித்து இடம் மாற்றாதீர்கள், இன்னும் சில தவறுகளும்

மட்டக்களப்பு வாவிக் கரையில் முதலைப் பாதுகாப்பு என்று புதிதாக இறங்கும் பிள்ளைகளுக்கு ஆர்வத்தில் குறைவில்லை. ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் ஆடிய கூத்தையே திரும்ப ஆடுகிறார்கள். கிட்டப் போகாதே, செல்ஃபி எடுக்காதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடுவோம்.

பிடித்து வேறு குளத்தில் விடுவது

இதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். கரையோரக் கிராமமொன்றுக்கு வந்த முதலையை வாயைக் கயிற்றால் கட்டி, உழவு மெஷின் பெட்டியில் ஏற்றி, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கக் குளமொன்றில் இறக்கிவிட்டுக் கைதட்டினார்கள். அந்தக் குளத்தில் குளிக்கிற சனத்திடம் ஒருவரும் கேட்கவில்லை. பிடித்தது உவர்நீர் முதலை. அங்கே ஏற்கெனவே வேறு இனமான குளத்து முதலைகள் இருந்தன. அடுத்த மாதமே பழைய கரையில் இன்னொன்று வந்து படுத்திருந்தது. வராமல் என்ன செய்யும்? கோழிக்கடைக் கழிவு உரப்பையோடு அதே இடத்தில்தானே விழுகிறது!

உவர்நீர் முதலைக்கு வழியும் மறக்காது. அவுஸ்திரேலியாவின் கேப் யோர்க் மேற்குக் கரையில் பிடித்துக் கிழக்குக் கரையில் விட்ட ஓர் ஆண் முதலை, கொஞ்சக் காலம் அங்கே சுற்றிவிட்டு, கடல் வழியாக 400 கிலோமீற்றருக்கு மேல் நீந்தி 20 நாளில் பிடித்த இடத்துக்கே வந்துவிட்டது. செய்மதிக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த அந்த ஆய்வு 2007இல் வெளியானது.

முதலில் கழிவை நிறுத்துங்கள். குளிக்கும் துறைக்கு வேலி போடுங்கள். பிடித்தே ஆகவேண்டுமென்றால் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். அனுமதியில்லாமல் கைவைக்கச் சட்டம் விடாது.

முட்டையைப் புரட்டுவது

அனுமதியோடு எடுத்தாலும் கிடந்த பக்கம் மாறக் கூடாது. மேற்பக்கத்தில் பென்சிலால் கோடு கீறிவிட்டுத் தூக்குங்கள். கரு உள்ளே மேலே ஒட்டியிருக்கும், புரட்டினால் செத்துவிடும். அப்புறம் சூடு. குளத்து முதலை முட்டை 31 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் குஞ்சு பெண், 32.5 பாகையில் ஆண். முட்டைப் பெட்டியைத் தகரக் கூரைக்குக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

மிருகக்காட்சிசாலை பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது

பார்த்துக்கொள்ளாது. குஞ்சு வளர்க்க அவர்களுக்குத் தெரியும். கரையைக் காப்பது கரையில் இருப்பவர்களால்தான் முடியும். பிலிப்பீன்சின் சான் மரியானோவில், உள்ளூராட்சி 2001இல் டிசுலாப் ஆற்றை முதலைச் சரணாலயமாக அறிவித்தது. குஞ்சுகளை வளர்த்து விடும் வேலை அதற்குப் பிறகுதான்.

மீனவர்களைக் கடைசியில் கூப்பிடுவது

வரமாட்டார்கள்.

எச்சரிக்கைப் பலகை

தமிழில் எழுதி, வலை காயப்போடும் இடத்தில் நடுங்கள். மெயின் ரோட்டில் முதலை இல்லை.