டிலே வாங்கும் முன் கீழ்த்தந்தியைத் தட்டிப் பாருங்கள்

நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். டிலே என்பது அடித்த ஒலியைச் சற்றுத் தாமதித்து எதிரொலியாகத் திருப்பித் தரும், காலால் மிதிக்கும் பெடல். என் முதல் டிலே பெடலை ஹெட்போனில் கேட்டுத்தான் வாங்கினேன். மேல் இரண்டு தந்திகளில் ஏதோ ஒரு மெலடியை வாசித்துப் பார்த்தேன். எதிரொலி அலை அலையாக விரிந்தது, விழுந்துவிட்டேன். அடுத்த ஒத்திகையில் பாட்டின் நடுவே அதை மிதித்ததும் டிரம்மர் தலையைத் தூக்கிப் பார்த்தான். “ஏன்டா நிறுத்திட்ட?” நான் நிறுத்தவே இல்லை. விரல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெடல் ஆன் ஆன அந்த நொடியில் பேஸின் அடிவயிறு மட்டும் காணாமல் போயிருந்தது.

கிட்டார் வாசிப்பவர் டிலே வாங்கும்போது எதிரொலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். பேஸ் வாசிப்பவர் கேட்க வேண்டியது வேறு: எதிரொலி வந்தபிறகு நான் அடித்த அசல் ஒலி என்ன ஆனது?

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். ஹெட்போன் வேண்டாம், பேஸ் ஆம்ப் வேண்டும். எதிரொலியின் அளவை முழுக்கப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். கீழ் ‘ஈ’ தந்தியை, அதாவது நான்கில் மிகத் தடித்ததை, எங்கும் அமுக்காமல் திறந்தபடி அடித்து, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை ஆன், ஆஃப், ஆன் என்று மிதியுங்கள். அந்தத் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி பேஸ் என்றால் கீழ் ‘பி’ சுமார் 31. இரண்டு நிலையிலும் ஒரே ‘தும்ம்’ வர வேண்டும். ஆன் செய்ததும் ஒலி மெலிந்து அட்டைப்பெட்டியைத் தட்டியது போலானால் பெடலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எதிரொலி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அசல் ஒலியை டிஜிட்டலாக மாற்றாமல் அனலாக் வழியிலேயே வெளியே விடும் பெடல்கள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடும்.

அடுத்து மிக்ஸ் நாப், அதாவது எதிரொலி எவ்வளவு கலக்க வேண்டும் என்று வைக்கும் திருகு. இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் அசல் ஒலி எப்போதும் முழு அளவில் இருக்கும், நாப் எதிரொலியை மட்டும் கூட்டும். மற்றொன்றில் நாப்பைத் திருப்பத் திருப்ப எதிரொலி ஏறும், அசல் இறங்கும். என் முதல் பெடல் இந்த இரண்டாவது சாதி. பாட்டின் அஸ்திவாரத்தைத் தாங்குகிற ஆள் பாதி அளவுக்கு இறங்கினால் பாட்டே ஆட்டம் காணும். நாப்பைக் கடைசி வரை திருப்பும்போது அடித்த ஒலி மறைந்து எதிரொலி மட்டும் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சினால் அது இரண்டாவது சாதி.

“அனலாக் டிலே வாங்கு, ஒலி கதகதப்பாக இருக்கும்” என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். பேஸைப் பொறுத்தவரை எனக்கு இதில் உடன்பாடில்லை. அனலாக் டிலேயின் உள்ளே இருப்பது ‘பக்கெட் பிரிகேட்’ என்னும் சிப். 1969-இல் பிலிப்ஸ் நிறுவனத்தில் பிறந்த யோசனை. தீயணைக்க வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றுவது போல, ஒலியைத் துண்டு துண்டாக ஒரு கண்டென்சரிலிருந்து அடுத்ததற்குக் கடத்தும். ஒவ்வொரு சுற்றிலும் கூர்மை மழுங்கிக்கொண்டே போகும். கிட்டாருக்கு அது அழகு. பேஸிலோ கூர்மை போனபின் மிஞ்சுவது அடி ஒலி மட்டும்தான், அது போய் உட்காருவது காலால் அடிக்கும் கிக் டிரம்மின் மடியில். எல்லாம் சேர்ந்து களி. நமக்கு வேண்டியது நேர் எதிர்: எதிரொலியில் அடி ஒலியை வெட்டும் லோ-கட். அது உள்ள டிஜிட்டல் பெடல் கிடைத்தால் யோசிக்காதீர்கள். அசல் கனமாகக் கீழே நிற்க, எதிரொலி ஒல்லியாக மேலே மிதக்கும்.

அனலாக்கில் நேரமும் குறைவு. பாஸ் டிஎம்-2 போன்ற பழைய பெடல்களில் 300 மில்லி செகண்டோடு சரி. எம்எக்ஸ்ஆர் கார்பன் காப்பி 600 வரை போகும். கணக்கு இதுதான்: 60,000-ஐப் பாட்டின் டெம்போவால், அதாவது நிமிடத்துக்கு எத்தனை பீட் என்பதால், வகுத்தால் ஒரு பீட்டுக்கான மில்லி செகண்ட் கிடைக்கும். டெம்போ 100 என்றால் 600. அதில் முக்கால் பங்கு, அதாவது 450, வைத்து எட்டாம் நோட்டுகளை (பீட்டுக்கு இரண்டு) வாசித்தால் எதிரொலி இடைவெளிகளில் புகுந்து இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். டெம்போ 60 உள்ள மெதுவான பாட்டுக்கு ஒரு முழு பீட் 1,000 மில்லி செகண்ட். கார்பன் காப்பிக்கு அது எட்டாது. மேடையில் இந்தக் கணக்கெல்லாம் ஓடாது என்பதால் காலால் தட்டியே வேகத்தைச் சொல்லும் ‘டேப் டெம்போ’ (tap tempo) இல்லாத டிலேயை நான் இப்போது தொடுவதே இல்லை.

மிகக் குறைந்த நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. 41 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்க 24 மில்லி செகண்ட் ஆகும். டிலேயை அதில் பாதி, 12 மில்லி செகண்டில் வைத்தால் எதிரொலியின் மேடு அசலின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ‘ஈ’ தந்தி மட்டும் ஏன் செத்துப்போகிறது என்று கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். குற்றவாளி இதுதான்.

எதிரொலியை லேசாக ஆட்டும் மாடுலேஷன் இருந்தால் அதை முழுக்க அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். கீழ் சுருதியில் அந்த ஆட்டம் குடித்தவன் நடை மாதிரி கேட்கும். பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ் என்றால் கட்டைவிரலால் தந்தியை அறையும் ஸ்லாப் ஒன்றைப் பலமாக அடித்து ‘கரகர’ வருகிறதா என்றும் கவனியுங்கள்.

இனி லூப்பர், வாசித்ததைப் பதிவு செய்து திரும்பத் திரும்பச் சுழலவிடும் பெடல். டிலேயும் லூப்பரும் ஒரே டப்பாவில் வருகிறதே, இரண்டாக எதற்கு என்று தோன்றும். பல டிலே பெடல்களில் லூப்பர் என்பது நாப்பின் ஒரு நிலை மட்டும். அதற்குத் திருப்பினால் டிலே போய்விடும். லூப் ஓடும்போதே டிலேயும் வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. லைன் 6 டிஎல்4-இன் இரண்டாம் பதிப்பு அதைச் செய்யும். வாங்கும் முன் உங்கள் காலாலேயே செய்து பாருங்கள்.

பதிவு நேரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். டெம்போ 80-இல் எட்டு பார் (பாருக்கு நான்கு பீட்) என்பது 24 செகண்ட்தான். பழைய டிஎல்4-இன் 14 செகண்டில் நான்கு பார்தான் அடங்கும், அது குறைச்சல். டிட்டோ என்ற சின்ன லூப்பரின் ஐந்து நிமிடம் தாராளம். மணிக்கணக்கில் பதிவு செய்யும் லூப்பர் பாட்டுகளைச் சேமித்து வைக்க நினைப்பவருக்கு.

நிஜமாகப் பார்க்க வேண்டியது காலடியை. ஒற்றைச் சுவிட்ச் லூப்பரில் நிறுத்த இரண்டு முறை தட்ட வேண்டும். பாட்டு சரியாக முடியும் இடத்தில் அந்த இரண்டாவது தட்டலுக்கு ஒரு கணம் தாமதமாகும். எல்லோரும் நிறுத்தியபின் என் பேஸ் மட்டும் ‘தும்’ என்று ஒன்று கூடுதலாகப் போட்ட மேடை உண்டு. வீட்டுப் பயிற்சிக்கு ஒற்றைச் சுவிட்ச் போதும், மேடைக்கு நிறுத்தத் தனிச் சுவிட்ச் வேண்டும். மேடையில் போடும் அதே ஷூவோடு மிதித்துப் பழகுங்கள். வெறுங்காலுக்கும் தடித்த அடிப்பாகத்துக்கும் வித்தியாசம் தெரியும்.

லூப்பை மூடுவது இப்படி: நான்கு பார் வாசித்தபின் ஐந்தாவது பாரின் ‘ஒன்று’ விழும் நொடியில் விரலும் காலும் ஒன்றாக இறங்க வேண்டும். அந்த ‘ஒன்று’ காதில் விழுந்தபின் மிதித்தால் ஒவ்வொரு சுற்றிலும் நொண்டும். கடைசி நோட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே லூப் மூடினால் இணைப்பில் ‘டப்’ என்று ஒரு வெட்டு கேட்கும். இடது கையால் தந்தியை அமுக்கிவிட்டு மூடுங்கள். பதிவு முடிந்ததும் நேராக ஓவர்டப்புக்கு, அதாவது லூப்பின் மேலேயே இன்னொரு பதிவுக்கு, போகும் வசதி இருந்தால் இன்னும் நல்லது, நோட்டின் வால் அடுத்த சுற்றின் தொடக்கத்தில் தானே பதிந்துவிடும்.

லூப்பின் ஒலியளவுக்குத் தனி நாப் கட்டாயம். ஒரு பேஸ் லைன் மீது அதே இடத்தில் இன்னொன்றை வைத்தால் இரண்டும் கேட்காது. லூப்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டு நீங்கள் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே ஏறுங்கள். பாதி வேகம் என்ற வசதியைப் பார்த்துப் பலர் துள்ளுவார்கள். அது ஒலியை ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) இறக்கும். திறந்த ‘ஈ’ 20 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், ஸ்பீக்கர் கோன் ஆடுவதைக் கண்ணால் பார்க்கலாம், காதுக்கு அந்த அடி ஒலி வராது. ‘ஜி’ தந்தியின் மேல்பக்கத்தில் வாசித்ததற்கு மட்டும் அது பிரமாதம்.

1970-களின் கடைசியிலேயே பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் எம்எக்ஸ்ஆரின் டிஜிட்டல் டிலேயில் ஒரு வரியைச் சுழலவிட்டு அதன் மேல் தனியாக வாசித்தார். இன்றைய மலிவான லூப்பரின் வசதிகூட அதில் இல்லை.

பெடல்களைக் கோக்கும் வரிசை: கம்ப்ரெஸர், டிஸ்டார்ஷன், டிலே, கடைசியில் லூப்பர். அப்போதுதான் எதிரொலியோடு சேர்த்துப் பதிவாகும். கரண்ட் விஷயத்தில் பெரும்பாலானவை 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். ஆனால் எத்தனை மில்லி ஆம்பியர் கேட்கிறது என்று பின்பக்கம் படியுங்கள். டிஜிட்டல் பெடல்களை ஒரே அடாப்டரில் கோத்தால் ‘கீ’ என்ற இரைச்சல் வரலாம்.

அந்த முதல் பெடல் இன்னும் என் போர்டில்தான் இருக்கிறது. அசல் ஒலியைத் தனியாகப் பிரித்துவிட்டு எதிரொலியைப் பக்கத்தில் கலக்கும் பிளெண்டர் பெடல் ஒன்றை அதற்குத் துணையாக வைத்தேன். டிலேயின் மிக்ஸ் முழுக்க எதிரொலிப் பக்கம், ரிப்பீட் மூன்று, பிளெண்டரின் நாப் கடிகாரத்தின் பத்து மணியில்.