வால்பாறை மழையில் பூ விதை எப்போது போடுவது?

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ பொள்ளாச்சிக்குச் சரி. 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை வந்துவிட்டால் அந்தப் பேச்சு எடுபடாது. ஆடியில் இங்கே விதை போட்டால் அது மழையோடு ஓடைக்குப் போகும், இல்லையென்றால் அழுகும். கோயமுத்தூரில் வருடம் முழுக்கப் பெய்வது 600, 700 மில்லிமீட்டர்தான். இங்கே பல வருடங்களில் ஜூலை மட்டுமே அதைத் தாண்டிவிடும். விதைப் பாக்கெட்டில் ‘ஜூன்-ஜூலை’ என்று அச்சடித்திருப்பதும் கீழ்நாட்டுக்காரர்களுக்குத்தான், அதைப் பார்க்காதீங்க.

முதல் படி: ஜூனிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஜினியா, செண்டுமல்லி, காஸ்மாஸ் எல்லாம் விதைத்து 8 முதல் 10 வாரத்தில் பூக்கத் தொடங்கும். தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் வந்துவிடும், அதற்கு முன்னால் ஒரு மாதமாவது பூ நிற்க வேண்டுமென்றால் மாசி பிறந்ததும் விதை மண்ணில் இருக்க வேண்டும். நடுவில் வரும் கோடை மழை நல்லதுதான், தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம்.

குளிர் பிடித்த காலண்டுலா, லார்க்ஸ்பர், ஸ்வீட் பீ வகைகளுக்குக் கார்த்திகை. புரட்டாசியில் நாலு நாள் வெயில் அடித்ததும் கை பரபரக்கும், ஆனால் ஐப்பசி மழை சாயங்காலத்தில் இடியோடு வந்து பாத்தியை அடித்து இறுக்கிவிடும். அந்த மாதங்களில் வாசல் திண்ணையில் தட்டில் விதைத்து நாற்றாக வளர்த்துக்கொள்ளலாம்.

காசித்தும்பை மட்டும் விதிவிலக்கு. மே கடைசியில் தூவினாலும் வரும். அதன் காட்டு உறவுகள் ஆனைமலைப் பாறைகளில் மழை நாளில்தானே பூக்கின்றன.

இரண்டாவது படி: மண்ணைப் பிடித்துப் பாருங்கள்

மாதம் சரியாக இருந்தும் முளைக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் இங்கேதான். இரண்டு நாள் வெயில் அடித்தால் மேல்மண் வெளுத்து, காய்ந்த மாதிரி தெரியும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டால் சில்லென்று சேறாக இருக்கும். விதையும் மூச்சு விடுகிற உயிர்தான், மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றால் காற்றுக்கு இடமில்லை. குளிரும் சேர்ந்துவிட்டால் விதை தண்ணீரைக் குடித்து ஊதிப்போய், முளைக்கவும் முடியாமல் அப்படியே கிடக்கும், அதற்குள் பூஞ்சணம் வந்துவிடும்.

அதனால் மேல்மண்ணை எடுக்காமல், ஒரு விரல் ஆழத்திலிருந்து கைப்பிடி மண் எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்து கட்டை விரலால் தட்டினால் புட்டு மாதிரி உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றாலோ, உள்ளங்கையில் சேறு ஒட்டினாலோ இன்னும் இரண்டு நாள் பொறுங்கள், அந்த ஈரத்தில் மம்முட்டி போடவும் கூடாது, மண் கட்டி தட்டிப்போகும். ஜினியாவுக்கும் செண்டுமல்லிக்கும் காலை நேர மண் சூடு 18 டிகிரியாவது இருக்கட்டும், 20 என்றால் இன்னும் நல்லது. சமையலுக்கு விற்கிற குச்சித் தெர்மாமீட்டரே போதும். விலை அதிகமான ஈரமானிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மூன்றாவது படி: மேட்டுப்பாத்தி

அரை அடி உயரம், பக்கத்தில் வாய்க்கால். மக்கிய தொழு உரமும் ஆற்று மணலும் கலந்துவிடுங்கள். வெறும் தேங்காய் நார்க்கழிவு இந்த மழைக்கு ஆகாது, தண்ணீரை விடவே விடாது.

நான்காவது படி: விதைப்பு

விதையின் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். பெட்டூனியா, ஸ்நாப்டிராகன் மாதிரி தூசி விதைகளுக்கு வெளிச்சம் வேண்டும், மூடவே கூடாது, அதனாலேயே அவற்றை வெளியில் விதைக்காமல் தட்டில் போடுங்கள். ஜினியாவைப் பிடுங்கி நட்டால் சுணங்கும், நேராகப் பாத்தியில்தான். தண்ணீர் பூவாளியில் மட்டும், ஓஸ் பைப் வேண்டாம்.

ஐந்தாவது படி: கூரை

நிழல்வலை மழையைத் தடுக்காது. வலையில் துளிகள் சேர்ந்து, பெரிய சொட்டாகி, நாற்றின் தலையிலேயே விழும். மூங்கில் பிளாச்சை வளைத்து பாலித்தீன் ஷீட்டைச் சரிவாகப் போடுங்கள், பக்கங்களைத் திறந்து விடுங்கள். மூடினால் உள்ளே புழுங்கி நாற்றழுகல் வரும்: நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று, மண்ணை ஒட்டிய இடத்தில் கிள்ளிவிட்ட மாதிரி சுருங்கிச் சாய்ந்து கிடக்கும். விதைக்கும் முன்பே விதையை ட்ரைக்கோடெர்மா விரிடி (அழுகல் பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பூஞ்சணம்) பொடியில் பிரட்டிக்கொள்ளுங்கள், கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு, நம் சின்னப் பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை. அதோடு தாமிரப் பூஞ்சணக்கொல்லியைச் சேர்க்காதீங்க, ட்ரைக்கோடெர்மாவும் பூஞ்சணம்தான், செத்துவிடும்.

பின்சேர்க்கை: கோத்தகிரியிலிருந்து ஒரு அக்கா, கார்த்திகையில் விதைத்தது எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று எழுதியிருந்தாங்க. நியாயம்தான், கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வலுவானது, கார்த்திகையிலும் கொட்டும். அங்கே குளிர்ப் பூக்களை மார்கழிக்குத் தள்ளுங்கள். ஊட்டி என்றால் டிசம்பர், ஜனவரியில் உறைபனி இருக்கும், ஜினியா பனியில் கருகிவிடும், பனி விட்ட பிறகுதான்.

இன்னொன்று, ‘முளைத்தது, காலையில் காணோம்’ என்று சிலர். அது நத்தை. செண்டுமல்லி நாற்று என்றால் அதற்கு உயிர். ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குங்கள், பாத்தி ஓரத்தில் ஈரச் சாக்கு போட்டு வைத்தால் விடியும்போது அதன் அடியில் கும்பலாக ஒதுங்கியிருக்கும். உப்பைத் தூவினால் நத்தை சாகும், பாத்தியும் கெடும்.