'தர்ஸ்டே மர்டர் கிளப்': வரிசை மாற்றாமல் படியுங்கள்

ஆங்கில எழுத்தாளர் ரிச்சர்ட் ஆஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' துப்பறியும் நாவல் வரிசையில் கையில் கிடைத்த நாவலை முதலில் எடுத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் கொலைக்கு விடை கிடைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் முதியோர் குடியிருப்பில் வாழ்ந்தபடி துப்பறியும் நால்வரின் சொந்தக் கதை புத்தகம் விட்டுப் புத்தகம் நகர்கிறது. நான்காவதை முதலில் படித்தால், அவர்களில் ஒருவரான எலிசபெத்தின் வீட்டு விஷயம் ஒன்று முன்கூட்டியே தெரிந்துபோகும். அது பெரிய இழப்பு.

'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' (2020), 'தி மேன் ஹூ டைட் ட்வைஸ்' (2021), 'தி புல்லட் தட் மிஸ்ட்' (2022), 'தி லாஸ்ட் டெவில் டு டை' (2023), 'தி இம்பாசிபிள் ஃபார்ச்சூன்' (2025) என்பதே வரிசை. 2024இல் வந்த 'வி சால்வ் மர்டர்ஸ்' இதில் சேராது. அதன் துப்பறிவாளர்கள் வேறு.

அத்தியாயங்கள் சிறியவை, பெயர்களோ ஏராளம். பக்க அடையாளத்துக்கு வைக்கும் தாளிலேயே புதிய பெயரையும் அவர் யார் என்பதையும் குறித்துக்கொண்டால், பின்னோக்கிப் புரட்ட வேண்டியிருக்காது. முன்னாள் உளவாளி எலிசபெத், தொழிற்சங்கத் தலைவராக இருந்த ரான், மனநல மருத்துவர் இப்ராகிம் ஆகியோர் தானாகவே மனதில் நிற்பார்கள், மற்றவர்களுக்குத்தான் தாள்.

நால்வரில் மீதமுள்ள ஜாய்ஸின் நாட்குறிப்புப் பகுதிகளை மட்டும் வேகமாகத் தாண்டாதீர்கள். ஓய்வுபெற்ற செவிலியரான அவர் கேக், அக்கம்பக்கம், மகள் என்று வெள்ளந்தியாகப் பேசிக்கொண்டே போவார். நடுவில் போகிற போக்கில் ஒரு தடயம் விழும்.