வைட்டான் ஓ-ரிங்: எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது

ராணிப்பேட்டையில் ஆயில் சீல், ஓ-ரிங் விற்கும் கடை என்னுடையது. ஓ-ரிங் என்பது மெஷின் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். தோல் கம்பெனி ஃபிட்டர்கள் வந்து நின்றதும், "அண்ணா, சூடு தாங்குற ரப்பர் குடுங்க" என்பார்கள். நான் முதலில் கேட்பது, "அதுல என்ன ஓடுது?" சூட்டை மட்டும் பார்த்து வாங்கினால் காசு போகும், கசிவு நிற்காது.

எண்ணெயும் டீசலும் ஓடுகிற இடத்துக்கு வைட்டானை அடிக்க ஆள் இல்லை. டூபாண்ட் கம்பெனி 1957ல் விமானத் துறைக்காகக் கொண்டுவந்த ரப்பர் இது. சாதா நைட்ரைல் ரப்பர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இறுகி வெடிப்பு விட ஆரம்பிக்கும். வைட்டான் 200 டிகிரியில் தொடர்ந்து வேலை செய்யும். விலை பல மடங்கு, அதனால் தேவையான இடத்தில் மட்டும் போடுங்கள்.

நீராவிக்கு சாதாரண வைட்டான் வேண்டாம். 150 டிகிரி வரை ஈ.பி.டி.எம். என்ற இன்னொரு ரப்பர் நன்றாக உழைக்கும், ஆனால் அதன்மேல் எண்ணெய் படக் கூடாது. பாய்லர் 10 கிலோ பிரஷரில் ஓடினால் நீராவி 180 டிகிரியைத் தாண்டும். அங்கே கிராஃபைட் கேஸ்கெட்தான்.

நம்ம ஊரில் அதிகம் தவறுவது ஃபினிஷிங் செக்‌ஷனில். ஸ்ப்ரே கன்னில் ஓடும் தின்னரில் அசிட்டோன், எத்தில் அசிடேட் மாதிரி சரக்கு இருந்தால் வைட்டான் ஊறி உப்பிவிடும். கழற்றினால், ரிங் உட்காரும் பள்ளத்துக்குள் மறுபடி உட்காராது. அங்கே டெஃப்ளான் போடுங்கள்.

வைட்டான்தானா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. பழுப்பு, பச்சை, கறுப்பு எல்லாம் வருகிறது. அதே அளவு நைட்ரைல் ரிங்கைத் தராசில் பக்கத்தில் வையுங்கள், வைட்டான் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எடை இருக்கும். தீக்குச்சி வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். எரிந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வரும், தோலைத் தாண்டி எலும்பு வரை அரிக்கும். தீப்பிடித்த மெஷினில் கருகிய ரிங்கையும் வெறுங்கையால் தொடக் கூடாது.

மாட்டும்போது பழைய ரிங்கை அளக்காதீர்கள், அது நசுங்கியிருக்கும். பள்ளத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து, துடைத்து, மரையின் மேல் டேப் சுற்றி, லேசாக கிரீஸ் தடவி ஏற்றுங்கள். ஈ.பி.டி.எம்.முக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், கசிவு அங்கேதான் தொடங்கும்.

மீதி ரிங்குகளை ஆணியில் மாட்டித் தொங்க விடாதீர்கள், இழுபட்டு வட்டம் கெடும். வெயில் படாத டப்பாவில் போட்டு, மேலே ரப்பரின் பெயரை எழுதி வையுங்கள்.