கடல்மட்டத்து உடம்போடு லடாக் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரை நெடுகிலும் லடாக் பயணத்துக்குப் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். பேச்செல்லாம் வண்டியைப் பற்றித்தான்: எந்த டயர், எந்த ஜாக்கெட், எத்தனை லிட்டர் கேன். எந்த ராத்திரி எந்த உயரத்தில் படுக்கப் போகிறோம் என்று கேட்பவர் குறைவு. லடாக்கின் கிழக்கே உள்ள சாங்தாங் என்ற உயர்ந்த பீடபூமிப் பக்கம் ஒரு வாரம் பத்து நாள் ஓட்டப் போகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஹான்லே கிராமம் தாண்டி உம்லிங் லா (‘லா’ என்றால் கணவாய்) ஏறினால் 5,798 மீட்டர், அங்கே பாதிதான். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் ஒன்றுதான். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைகிறது. உடம்பு இதற்குப் பழகும், ஆனால் பழக நாள் வேண்டும்.

“சங்கு குளிக்கிற பரம்பரை மாப்ள நாம, மூச்சு நமக்கு ஒரு விஷயமா?” என்று சொல்லிக்கொண்டு கிளம்புவது நம் பக்கத்துக்கே உரிய தவறு. கடலடியில் மூச்சை அடக்குவது வேறு, மெல்லிய காற்றில் இரவு பகலாக வாழ்வது வேறு. உடம்பு பழகுமுன் உயரம் ஏறுவதால் வரும் உயர நோயை நீச்சலும் ஜிம்மும் தடுப்பதில்லை. சொல்லப்போனால் திடகாத்திரமானவர்கள்தான் அவசரப்பட்டு வேகமாக ஏறி விழுகிறார்கள்.

தேதி குறிப்பதில் இன்னொரு தவறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கையில் ஓய்வு இருக்கிறது என்று மே மாதத் தொடக்கத்திலேயே புறப்படுகிறார்கள். அப்போது மணாலியிலிருந்து லே போகும் பாதையில் பாராலாச்சா லா பெரும்பாலும் பனியில் மூடிக் கிடக்கும். திறந்திருந்தாலும் இரவில் உறைந்த நீர் காலையில் சாலை மேல் கண்ணாடி போலப் படிந்திருக்கும். வாழ்நாளில் உறைபனியில் ஓட்டியிராத கைக்கு அது வேண்டாம். ஜூன் பிற்பாதியிலிருந்து செப்டம்பர் வரை போவது நல்லது.

இனி முக்கியமான விஷயம். ஸ்ரீநகர் வழியாகப் போனால் கார்கில் 2,676 மீட்டர்; அங்கே ஓர் இரவு தங்கி லே ஏறலாம். உடம்புக்கு இது சாந்தமான வழி. மணாலி வழியில் 2020ல் அடல் சுரங்கம் திறந்த பிறகு ஏற்றம் இன்னும் வேகமாகிவிட்டது. காலையில் 2,050 மீட்டரில் இருந்தவர் இரவு 4,290 மீட்டரில் சர்ச்சு என்ற இடத்தில் கூடாரத்தில் படுக்கிறார். பலருக்கு மண்டை பிளப்பது அந்த இரவில்தான். ஜிஸ்பா பக்கம், சுமார் 3,200 மீட்டரில், இரண்டு இரவு தங்கிவிட்டுப் போங்கள். விமானத்தில் லே இறங்குகிறவர்கள் முதல் இரண்டு நாள் வண்டியைத் தொடாமல் இருப்பதே உத்தமம்.

லேயிலிருந்து மறுநாளே பாங்கோங் ஏரி என்பது அடுத்த பொறி. ஏரிக்கரை 4,225 மீட்டர். முதலில் நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போங்கள். கர்துங் லாவை 5,359 மீட்டரில் கடந்தாலும், இறங்கித் தூங்கும் ஹுண்டர் கிராமம் லேயைவிடத் தாழ்வு. மேலே ஏறி இறங்கி, கீழே தூங்குவதுதான் கணக்கு. அதன் பிறகு பாங்கோங், சுஷுல் வழியாக ஹான்லே, அங்கே இரண்டு இரவு, பிறகு உம்லிங் லாவுக்குப் பகலில் போய்த் திரும்புவது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். லடாக்கின் சாலைகள் அதற்குத் தோதாக அமைவதில்லை. அதனால்தான் ஓய்வு நாட்களைத் தாராளமாக வைக்க வேண்டும்.

தலைவலி வந்தால் நம்மவர்கள் தைலம் தேய்த்துக்கொண்டு, பயண அலுப்பு என்று படுத்துவிடுகிறார்கள். தன்னால் மற்றவர்கள் பயணம் கெடக் கூடாது என்று வாயைத் திறக்காமல் இருப்பார்கள். எனக்கு மிகவும் பயம் தருவது இந்த நல்ல மனசுதான். தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை சேர்ந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மேலே ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஓயாத இருமல், நுரைச் சளி இருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். நேர்கோட்டில் குதிகாலும் பெருவிரலும் தொட்டு நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறவர், பேச்சு குழறுகிறவர், மூளை வீங்கத் தொடங்கியவராக இருக்கலாம். இரண்டுமே உயிரைக் குடிக்கும். விடியட்டும் என்று காத்திருக்காமல், ராத்திரியானாலும் துணையோடு காரில் ஏற்றிக் கீழே இறக்க வேண்டும். கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களுக்குத்தான் வரும், அதை நம்பித் தங்கிவிடாதீர்கள். உயர நோயைத் தடுக்கத் தரும் அசெட்டசோலமைடு மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அவசியம் அதைச் சொல்ல வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் அங்கே வேண்டவே வேண்டாம்.

மணல் ஓட்டத்தில் நமக்குப் பழக்கம் உண்டு. டயரில் காற்றைக் குறைத்து, விசையை விடாமல், திடீர் பிரேக் போடாமல் போவது அங்கேயும் செல்லும். ஆனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், ஊரில் 30 அடித்த டயர் லேயில் 35 பக்கம் காட்டும். குளிர் அதில் கொஞ்சத்தைக் குறைக்கும். அளவுமானி இல்லாமல் கையால் தட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இன்ஜினும் காற்றுக்கு ஏங்கும். 5,000 மீட்டரில் அதன் வலுவில் பாதியை ஒட்டிப் போய்விடும். கார்புரேட்டர் வண்டி என்றால் கரும்புகை கக்கி இழுக்கும். ஆளுக்கொரு மூட்டை கட்டி, பின்னால் ஒருவரையும் ஏற்றினால் ஏற்றத்தில் நின்றுவிடும்.

ஓடைகளைக் கடக்கும் நேரம் பலருக்குத் தெரிவதில்லை. காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீர், மலைப்பனி உருகி மதியத்துக்கு மேல் வண்டியைப் புரட்டும் அளவுக்கு ஏறிவிடும். கடலின் ஏத்தம் வத்தம் பார்த்து வத்தைப் படகை இறக்குகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். இங்கே நிலாவைப் பார்க்கிறோம், அங்கே வெயிலைப் பார்க்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் மறுநாள் விடியும் வரை இக்கரையிலேயே தங்குங்கள்.

சோறு பொங்குவதற்கு வெறும் பாத்திரம் கொண்டுபோகிறவர்கள் ஏமாறுவார்கள். 4,500 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அரிசி நறுக்கரிசியாகவே நிற்கும். குக்கர் வேண்டும், அல்லது துக்பா என்னும் அந்த ஊர் நூடுல்ஸ் சூப்பைச் சாப்பிடலாம், வயிற்றுக்கும் இதம். நம் ஊரில் வேர்வை வழியும்போது தாகம் தெரியும். அங்கே வறண்ட காற்று வேர்வையை வந்த சுவடு தெரியாமல் குடித்துவிடும், ஆகவே தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

தமிழ்நாட்டு ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. கூட்டத்தில் இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும். அதுவும் பல இடங்களில் எடுக்காது. சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் கொண்டுபோவது குற்றம். எந்த வழியாக, எப்போது அடுத்த ஊர் சேர்வோம் என்று தங்கிய வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசியாக ஒன்று, இதை மன்றாடிக் கேட்கிறேன். நம் கடற்கரையில் கச்சான் காற்று அடித்தால் சக்கரத் தடம் மறைந்துவிடும். அந்தக் குளிர்ப் பாலைவனத்தில் தடம் ஆண்டுக்கணக்கில் நிற்கும், அதில் புல் முளைப்பதில்லை. ஏரிகளை ஒட்டிப் பச்சையாகத் தெரியும் ஈரநிலம் சாங்பா என்னும் மேய்ச்சல் மக்களின் ஆடுகள் மேயும் இடம், கருங்கழுத்துக் கொக்கு கூடு கட்டும் இடம். படம் எடுக்க வண்டியை அதற்குள் இறக்காதீர்கள். இருக்கும் தடத்திலேயே நிறுத்திவிட்டு இறங்கி நடந்து போங்கள், மெதுவாக.